ஆஸிலேட்டரில் இத்தனை ஜாக் எதுக்கு? வெளியீடுகளும் கன்ட்ரோல் உள்ளீடுகளும்

அலைக்கூடு

வணக்கம். யூரோராக்கில் (மாட்யூல்களைக் கேபிளால் இணைச்சு வாசிக்கிற சிந்தசைசர் முறை) முதல் அனலாக் ஆஸிலேட்டர், அதாவது சத்தத்துக்கான அலையை உண்டாக்குற மாட்யூல், வாங்கிப் பொருத்தியாச்சு. கீழ்வரிசையில் நாலு வெளியீடு: சைன், டிரையாங்கிள், சா, பல்ஸ். மேலே உள்ளீடுகள்: 1வி/ஆக்ட் (ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி, சுருதிக்கானது), எக்ஸ்போ எஃப்எம் (பக்கத்தில் ஒரு சின்ன நாப் இருக்கு), லீனியர் எஃப்எம் (எஃப்எம்னா அதிர்வெண்ணை ஆட்டறது), பிடபிள்யூஎம், சிங்க். சுரங்களை வரிசையா அனுப்புற சீக்வென்சரிலிருந்து 1வி/ஆக்டுக்கு ஒரு கேபிள், சா-விலிருந்து ஃபில்டருக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான் இப்போதைக்கு ஓடுது. மத்த ஜாக்கெல்லாம் சும்மா கிடக்கு. மேனுவலில் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிதான்.

எல்எஃப்ஓவை (மெதுவா ஆடற அலையைக் கொடுக்கிற மாட்யூல்) எக்ஸ்போ எஃப்எம்மில் குத்தினா மேலயும் கீழயும் பயங்கரமா ஊளையிடுது. அதையே பிடபிள்யூஎம்மில் குத்தினா சத்தம் நடுநடுவே காணாமப் போகுது. மாட்யூலில் ஏதாவது கோளாறா?

கம்பிக்காடு

கோளாறு எதுவும் இல்லைங்க. ரெண்டும் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

யூரோராக்கில் எல்எஃப்ஓ பொதுவா -5 முதல் +5 வோல்ட் வரை ஆடும். எக்ஸ்போ எஃப்எம் உள்ளீடு நாபை முழுசா திறந்தா கிட்டத்தட்ட 1வி/ஆக்ட் மாதிரியே படிக்கும். அப்ப அந்த எல்எஃப்ஓ உங்க சுரத்தை அஞ்சு ஸ்தாயி மேலயும் அஞ்சு ஸ்தாயி கீழயும் இழுக்குது, ஊளையிடாம என்ன செய்யும்? பாடுறவங்க குரலில் வர்ற மாதிரி லேசான அசைவு, அதாவது இந்தப் பக்கம் அரைச்சுரத்தில் பாதி, அந்தப் பக்கம் பாதி வேணும்னா தேவைப்படுறது வெறும் 42 மில்லிவோல்ட். அஞ்சு வோல்ட்டில் நூத்துல ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சின்ன நாபை பூஜ்யத்திலிருந்து ஒரு மயிரிழை திருப்பினாலே தாண்டிடும். அதனால எல்எஃப்ஓவுக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவில் இன்னொரு அட்டெனுவேட்டர் (வோல்ட்டைக் குறைக்கிற நாப்) போடுங்க. ரெண்டு நாபும் சேர்ந்து குறைச்சாத்தான் விரலுக்குப் பிடி கிடைக்கும்.

பிடபிள்யூஎம் விஷயமும் அதேதான். பல்ஸ் அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே இருக்குங்கிறதைத்தான் அந்த ஜாக் மாத்துது. 50 சதவீதம்னா ஸ்கொயர். 0 அல்லது 100ஐ தொட்டுட்டா அலை மேலயோ கீழயோ ஒட்டிக்கிட்டு நின்னுடும், ஆட்டம் இல்லேன்னா சத்தமும் இல்லை. எல்எஃப்ஓவைக் குறைச்சு 10லிருந்து 90க்குள்ள ஓட விடுங்க.

புதுசா வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான்: கேபிள் வழியா போறது எப்பவும் வெறும் வோல்ட். அதை எந்த அளவுகோலில் படிக்கிறதுன்னு முடிவு பண்றது போய்ச் சேர்ற ஜாக். ஒரே எல்எஃப்ஓ ஒரு ஜாக்கில் பத்து ஸ்தாயி, இன்னொண்ணில் வெறும் அகலம்.

ஈயப்புகை

கம்பிக்காடு சொன்னதோடு 1வி/ஆக்ட் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். மற்ற உள்ளீடுகள் 2 சதவீதம் பிசகினால் காதுக்குத் தெரியாது. இந்த ஒன்றில் மட்டும் மில்லிவோல்ட் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்றால் ஒரு அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட், ஒரு சென்ட்டுக்கு (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) 0.83 மில்லிவோல்ட். 1964-இல் சிந்தசைசர் வடிவமைப்பாளர் ராபர்ட் மோக் தொடங்கிய பாதை இது. எல்லோரும் அவர் வழியில் வரவில்லை. புக்லா கருவிகள் ஸ்தாயிக்கு 1.2 வோல்ட் என்று வைத்தன, 1978-இல் வந்த கார்க் எம்எஸ்-20 வோல்ட்டுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று வேறு கணக்கில் போனது. பழைய கருவியை யூரோராக்கோடு இணைத்துச் சுருதி சேரவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது அழகான வேலை. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூடினால் அதன் வழியே போகும் மின்னோட்டம் இரு மடங்காகிறது. அந்த இயற்கைக் குணத்தைத்தான் 'ஒரு வோல்ட், இரு மடங்கு அதிர்வெண்' என்று மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 18 மில்லிவோல்ட் வெப்பநிலையோடு சேர்ந்து மாறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம். ஈடுகட்டாமல் விட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஸ்தாயிக்கு 4 சென்ட் பிசகும். அதற்காகவே வெப்பத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டரை அந்த டிரான்சிஸ்டரோடு ஒட்டி வைக்கிறார்கள். இருந்தாலும் ராக்கை இயக்கி அரை மணி நேரம் சூடேறிய பிறகு சுருதி சேருங்கள். உடனே சேர்த்தால் பாதி வாசிப்பில் நழுவும்.

அலைக்கூடு

ரெண்டு பேருக்கும் நன்றி. அட்டெனுவேட்டர் போட்டதும் அசைவு கச்சிதமா வந்துடுச்சு.

அடுத்த சிக்கல். ஒரு நண்பர் தன்னோட ஆஸிலேட்டரைக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்திருக்கார். சீக்வென்சரின் சிவியை (கன்ட்ரோல் வோல்ட்டை) ஒரு சாதாரண மல்ட்டிபிளில் பிரிச்சு ரெண்டு ஆஸிலேட்டருக்கும் கொடுத்தேன். என்னுது தனியா இருந்தப்ப மூணு ஸ்தாயிக்கும் சுத்தமா சேர்ந்திருந்தது. ரெண்டாவதைக் குத்தின உடனே மேல் சுரங்களெல்லாம் இறங்கிப் பேசுது. கேபிளை உருவினா சரியாயிடுது. நண்பரோடது கெட்டுப்போனதா?

ஈயப்புகை

அவர் மாட்யூலைக் குறை சொல்ல வேண்டாம். எண்ணைப் போட்டுப் பார்ப்போம்.

பல சீக்வென்சர்களின் வெளியீட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் தொடராக இருக்கும். ஆஸிலேட்டர் உள்ளீடு பொதுவாக 100 கிலோஓம். ஒன்று மட்டும் இணைந்திருந்தால் 1 வோல்ட் அனுப்பும்போது போய்ச் சேர்வது 100/101, அதாவது 0.990 வோல்ட். நீங்கள் அந்த நிலையிலேயே டிரிம்மரை (அளவைத் திருத்தும் சிறு திருகை) திருப்பிச் சேர்த்திருப்பதால் அந்த 1 சதவீதம் ஏற்கெனவே ஈடாகிவிட்டது. இரண்டாவது சேர்ந்ததும் இரண்டு 100 கிலோஓம்களும் இணையாகி 50 ஆகின்றன. இப்போது போய்ச் சேர்வது 50/51, அதாவது 0.980. வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்கு 10 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஸ்தாயிக்கு 12 சென்ட். மூன்று ஸ்தாயி மேலே 35 சென்ட். நீங்கள் கேட்டது இதுதான்.

பஃபர்டு மல்ட்டிபிள் (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஆம்ப் உள்ளது) ஒன்று போட்டால் தீர்ந்தது. எல்எஃப்ஓ, என்வலப் (ஒரு முறை ஏறி இறங்கும் வோல்ட்), கேட் (சுரம் தொடங்கி முடிவதைச் சொல்லும் வோல்ட்) ஆகியவற்றைச் சாதாரண மல்ட்டிபிளிலேயே பிரித்துக்கொள்ளலாம். சுருதிக்கான சிவிக்கு மட்டும் பஃபர். வெளியீட்டு ரெசிஸ்டரைப் பின்னூட்டச் சுற்றுக்குள்ளேயே வைத்த சீக்வென்சர்களில் இந்தச் சிக்கல் வராது. சில பேருக்குச் சாதாரண மல்ட்டிபிளே போதும் என்று தோன்றுவது அதனால்.

இன்னொன்றும் கவனம்: மல்ட்டிபிள் என்பது ஒரு வெளியீட்டைப் பலவாகப் பிரிக்க மட்டும். இரண்டு வெளியீடுகளை அதில் குத்திக் கலக்கப் பார்க்காதீர்கள். ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். கலக்க மிக்ஸர் வேண்டும்.

சுருதிபேதம்

வெளியீடுகள் பக்கம் யாரும் வரலையே. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச இடம்.

நாலும் ஒரே சுருதி, ஆனா உள்ளே இருக்கிற மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) வேற வேற. சைனில் அடிப்படைச் சுரம் மட்டும். சா-வில் எல்லா மேற்சுரமும் உண்டு, ரெண்டாவது பாதி பலம், மூணாவது மூணில் ஒரு பங்குன்னு படிப்படியா தேயும். ஸ்கொயரில் ஒற்றைப்படை மட்டும், அதே வேகத்தில் தேயும். டிரையாங்கிளிலும் ஒற்றைப்படைதான், ஆனா ரொம்பச் சீக்கிரம் தேய்ஞ்சுடும். மூணாவது ஒன்பதில் ஒரு பங்கு. ஃபில்டருக்கு வேலை கொடுக்கணும்னா சா-வோ பல்ஸோ. டிரையாங்கிளை ஃபில்டரில் விட்டா செதுக்கறதுக்கு அங்கே பெரிசா எதுவும் இருக்காது. பதிலா வேவ்ஃபோல்டரில் (அலையின் உச்சியை மடிச்சு மேற்சுரம் சேர்க்கிற மாட்யூல்) விட்டுப் பாருங்க, அது அங்கேதான் மலரும்.

பல்ஸ் அகலத்தை 25 சதவீதத்தில் நிறுத்தினா ஒவ்வொரு நாலாவது மேற்சுரமும் காணாமப் போகும். மூணில் ஒரு பங்கில் நிறுத்தினா ஒவ்வொரு மூணாவதும். அந்த ஓட்டைகள்தான் மூக்கால் பேசற மாதிரியான அந்த நிறத்தைக் கொடுக்குது.

அப்புறம், நாலு வெளியீட்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், ஒண்ணை எடுத்தா மத்தது மூடிக்கும்னு நினைக்க வேண்டாம். சா-வை ஃபில்டரின் ஆடியோ உள்ளீட்டுக்கு, அதே ஆஸிலேட்டரின் டிரையாங்கிளை அதே ஃபில்டரின் கட்-ஆஃப் (எந்த அதிர்வெண்ணில் வெட்டணும்ங்கிற) சிவிக்குக் கொடுங்க. ரெண்டும் ஒரே கோரிலிருந்து (அலையை உண்டாக்குற உள்சுற்று) வர்றதால ஒவ்வொரு சுற்றிலும் ஃபில்டர் அதே இடத்தில் திறந்து அதே இடத்தில் மூடும். சுருதி துளிகூட நகராது, நிறம் மட்டும் மாறும். சிவி நாபைத் திருப்பத் திருப்ப புது அலைவடிவமே பிறக்கும்.

கம்பிக்காடு

அந்த பேட்ச் அருமை. அதோட பிடபிள்யூஎம்மையும் சேர்த்துக்கங்க. அரை ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு டிரையாங்கிள் எல்எஃப்ஓவை மெதுவா விட்டா ஒரே ஆஸிலேட்டர் ரெண்டு பேர் சேர்ந்து பாடற மாதிரி கேக்கும். காரணம் இருக்கு: பல்ஸ் அலைங்கிறது ஒரு சா-விலிருந்து, கொஞ்சம் தள்ளி வர்ற இன்னொரு சா-வைக் கழிச்சது. அகலம் மாறும்போது அந்த ரெண்டாவது சா முன்னேயோ பின்னேயோ நகருது, நகர்ற வரைக்கும் அதன் சுருதி ஒரு துளி கூடவோ குறைவாவோ இருக்கும். எல்எஃப்ஓ ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். ரெண்டாவது ஆஸிலேட்டர் வாங்கக் காசு சேர்க்கிற வரைக்கும் இது போதும்.

அலைக்கூடு

பஃபர்டு மல்ட்டிபிள் ஒண்ணு கிடைச்சது, ரெண்டும் இப்ப கச்சிதமா சேருது. நண்பரோட ஆஸிலேட்டர் கையில் இருக்கும்போதே எஃப்எம்மும் சிங்க்கும் பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். ஒரு விஷயம் புரியவே இல்லை.

என் ஆஸிலேட்டரை 440 ஹெர்ட்ஸில் வெச்சு, அவரோட ஆஸிலேட்டரின் சைனை என் எக்ஸ்போ எஃப்எம்மில் கொடுத்தேன். நாபைத் திறக்கத் திறக்க மொத்தச் சுருதியும் மேலே ஏறுது. சரி, அந்த மாட்யூலை விட்டுடலாம்னு என்னோட சைனையே என்னோட எக்ஸ்போ எஃப்எம்முக்குத் திருப்பிக் குத்தினேன். இப்ப நாபைத் திறந்தா சுருதி இறங்குது! ஒரே ஜாக், ஒரே அலைவடிவம். ஏன் எதிரெதிரா போகுது?

ஈயப்புகை

மிக நல்ல கேள்வி. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வெளியிலிருந்து வரும் அலை. புரிவதற்காக ஒரு ஸ்கொயரை எடுத்துக்கொள்வோம்: பாதி நேரம் +1 வோல்ட், பாதி நேரம் -1 வோல்ட். எக்ஸ்போ உள்ளீட்டில் +1 என்றால் 440 இரு மடங்காகி 880. -1 என்றால் பாதியாகி 220. மேலே போகும்போது 440 ஹெர்ட்ஸ் கூடுகிறது, கீழே வரும்போது 220 தான் குறைகிறது. சராசரி 550. ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குப் போய்விட்டது. சைன் என்றால் உச்சியிலேயே நிற்காமல் இடையிலும் நேரம் செலவிடுவதால் ஏற்றம் குறைவு. அதே ±1 வோல்ட்டுக்குச் சராசரி ஏறத்தாழ 494 ஹெர்ட்ஸ். நாபை இன்னும் திறந்தால் இன்னும் ஏறும்.

இப்போது தன்னையே ஆட்டும் நிலை. இங்கே மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் சம நேரம் கிடைப்பதில்லை. சைன் மேலே இருக்கும்போது ஆஸிலேட்டரே வேகமாக ஓடுகிறது, ஆகவே அந்த மேல் பாதியைச் சட்டென்று கடந்துவிடுகிறது. கீழே வந்ததும் வேகம் குறைகிறது, அந்தப் பாதியிலேயே அதிக நேரம் தங்கிவிடுகிறது. மொத்தச் சுற்று முடிய முன்பைவிட நேரம் பிடிக்கிறது. சுருதி இறங்குகிறது. கணக்கு எவ்வளவு அழகு பாருங்கள்: வெளியிலிருந்து ±1 வோல்ட் சைன் கொடுத்தபோது 440 எந்த விகிதத்தில் ஏறியதோ, தன் சைனையே அதே ±1 வோல்ட் கொடுத்தால் அதே விகிதத்தில் இறங்கும். 440-லிருந்து ஏறத்தாழ 392.

ஆஸிலோஸ்கோப் இருந்தால் சைனைப் பாருங்கள். மேல் மேடு ஒடுங்கிக் கூர்மையாகும், கீழ்ப் பள்ளம் அகன்று விரியும். அந்தக் கோணல்தான் புதிய மேற்சுரங்கள்.

சுருதிபேதம்

இந்த விளக்கத்தை இவ்வளவு தெளிவா எங்கேயும் படிச்சதில்லை. மனசார நன்றி.

இதனாலதான் நான் வாசிக்கிற பேட்ச்களில் வேகமான எஃப்எம்முக்கு எப்பவும் லீனியர் ஜாக். அங்கே கூட்டலும் கழித்தலும் ஹெர்ட்ஸ் கணக்கில் சமம்: 440ஐ மேலே 200, கீழே 200 ஆட்டினா 640, 240, சராசரி 440தான். 1973-இல் ஜான் சவுனிங் வெளியிட்ட எஃப்எம் கட்டுரையும், 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் மணியோசைகளும் இந்த வழியில் வந்தவை. டிஎக்ஸ்7 எண்ணியல் கருவி, உள்ளே அது ஃபேஸைத்தான் (சுற்றில் அலை எந்த இடத்தில் இருக்குங்கிறதை) ஆட்டுது, ஆனா காதுக்குக் கிடைக்கிற பலன் ஒண்ணுதான்.

ரெண்டு ஆஸிலேட்டரின் விகிதம்தான் இதில் எல்லாமே. என்னுது 300, ஆட்டுறது 100ன்னு வெச்சா பக்கச் சுரங்கள் 200, 400, 100, 500ன்னு எல்லாம் நூறின் மடங்கா விழும். ஒரே சுரமா கேக்கும். ஆட்டுறதை 140 ஆக்கினா 160, 440, 20, 580. எதுவும் எதோடும் சேராது, உலோகத்தைத் தட்டின மாதிரி இருக்கும். ரெண்டு 1வி/ஆக்டுக்கும் ஒரே சிவி போனாத்தான் எல்லாச் சுரத்திலும் அந்த விகிதம் நிலைக்கும். இப்ப உங்க பஃபர்டு மல்ட்டிபிளுக்கு அருமை தெரியும். என்னைக் கேட்டா எக்ஸ்போ ஜாக்கை எல்எஃப்ஓவுக்கும் என்வலப்புக்கும் விட்டுடலாம்.

கம்பிக்காடு

அங்கேதான் நான் ஒத்துக்க மாட்டேன். சுருதியோடு பாடற பேட்ச் மட்டும்தான் பேட்ச்சா? தாளச் சத்தம் செய்ய எக்ஸ்போ எஃப்எம்மை மிஞ்சினது கிடையாது. சைன் வெளியீட்டை எடுங்க, வேகமா இறங்குற என்வலப்பை எக்ஸ்போவில் கொடுங்க, அடிமேளம் வந்துடும். அதன் மேல இன்னொரு ஆஸிலேட்டரின் ஸ்கொயரையும் கலந்து கொடுத்தா தகரம், ஜால்ரா, என்னென்னவோ வரும். சுருதி ஏறுதா இறங்குதாங்கிற கவலையே அங்கே இல்லை.

லீனியரிலும் பிடிப்பு இருக்கு. பல மாட்யூலில் அந்த உள்ளீட்டில் கப்பாசிட்டர் வெச்சு மாறாம நிற்கிற மின்னழுத்தத்தை (டிசி) வடிகட்டிடுவாங்க. ஆட்டுற அலையில் கொஞ்சம் ஆஃப்செட் இருந்தாலும் சுருதி நகராம இருக்கத்தான் அது. ஆனா அதே காரணத்தால மெதுவான எல்எஃப்ஓவைக் குத்தினா ஒண்ணுமே நடக்காது, நிறைய பேர் ஜாக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. அப்புறம், ஆட்டத்தை 440க்கு மேல தள்ளினா சாதாரண கோர் பூஜ்யத்தில் முட்டி நின்னுடும். நின்னா சராசரி மறுபடி ஏறும். பூஜ்யத்தைத் தாண்டி அலையைப் பின்னோக்கி ஓட விடற, 'த்ரூ-ஜீரோ'ன்னு போட்ட ஆஸிலேட்டர் இருந்தாத்தான் ஆழமா போகலாம்.

சுருதிபேதம்

தாளச் சத்தத்துக்கு எக்ஸ்போ, ஒப்புக்கறேன். ராகம் வாசிக்கும்போது இன்னும் லீனியர்தான்.

சிங்க் பாக்கி இருக்கு. நண்பரோடது தலைவர், உங்களுது தொடர்றவர்னு வெச்சுக்குங்க. அவரோட ஒரு சுற்று முடியும்போதெல்லாம் உங்க அலை பாதியில் இருந்தாலும் முதலிலிருந்து தொடங்கணும். அதனால காதில் விழற சுருதி எப்பவும் தலைவரோடது. உங்க சுருதி நாபைத் திருப்பினா நிறம்தான் மாறும். சிங்க் உள்ளீட்டுக்கு செங்குத்தா விழற விளிம்பு வேணும், அதனால தலைவரின் சா-வையோ ஸ்கொயரையோ அனுப்புங்க. உங்களுதைத் தலைவரைவிட ஒரு ஸ்தாயிக்கு மேல வெச்சு, ஒரு என்வலப்பை உங்க எக்ஸ்போ எஃப்எம்மில் விட்டா அந்தக் கிழிச்சுக்கிட்டு வர்ற குரல் கிடைக்கும். சுருதி சிவி ரெண்டுக்கும் போனா எல்லாச் சுரத்திலும் ஒரே நிறம். தலைவருக்கு மட்டும் போனா கீழ்ச் சுரம் ஒரு நிறம், மேல்ச் சுரம் வேற நிறம். எனக்கு ரெண்டாவதுதான் உயிரோட இருக்கிற மாதிரி தோணும்.

சாஃப்ட் சிங்க்னு தனி ஜாக் இருந்தா மேனுவலைப் பாருங்க. ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒவ்வொரு விதமா செஞ்சிருக்காங்க. சில டிரையாங்கிள் கோர்களில் அலை முதலுக்குப் போகாம வந்த வழியே திரும்பிடும்.

அலைக்கூடு

சிங்க் இப்பத்தான் போட்டேன், தலைவருக்கு மட்டும் சிவி. சுருதிபேதம் சொன்னது சத்தியம்.

கடைசியா ஒண்ணு: ஆஸிலேட்டரை நேரா ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸில் கொடுக்கலாமா?

ஈயப்புகை

ஆஸிலேட்டர் வெளியீடு உச்சியிலிருந்து பள்ளம் வரை 10 வோல்ட். சாதாரண வீட்டு ஆடியோ கருவிகளின் லைன் அளவு 0.9 வோல்ட் அளவில்தான். பத்து மடங்குக்கு மேல். இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில், மைக் உள்ளீட்டில் அல்ல, கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு, நடுவில் ஒரு அட்டெனுவேட்டரோ அவுட்புட் மாட்யூலோ வைத்துக் கொடுங்கள். ஹெட்ஃபோனை மட்டும் ஆஸிலேட்டர் ஜாக்கில் நேரடியாகக் குத்தவே வேண்டாம். காதில் இருக்கும்போது ஒருபோதும் வேண்டாம்.

நண்பரின் மாட்யூலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அதன் வேக நாபை முழுக்கக் கீழே இறக்கிப் பாருங்கள். சில ஹெர்ட்ஸுக்கும் கீழே போகுமென்றால் அது எல்எஃப்ஓவாகவும் வேலை செய்யும்: ஸ்கொயரை சீக்வென்சரின் கிளாக் உள்ளீட்டுக்கு, சைனை அட்டெனுவேட்டர் வழியாக உங்கள் பிடபிள்யூஎம்முக்கு. தாளத்தின் வேகமும் அலையின் அகலம் ஆடும் வேகமும் ஒரே நாபில் கூடும், குறையும்.